43வது நிமிடம்: எரிக்சனைக் காப்பாற்றியது யார்?

இன்னைக்கு எபிசோடு ஒரு கால்பந்து மேட்ச் பற்றியது. கால்பந்து பிடிக்காதவங்க ஓடிப்போயிடாதீங்க, கோல், ஆஃப்சைடு எல்லாம் இதுல பெருசா வராது. ஒரு மனுஷனோட இதயம் நின்னுபோன சில நிமிடங்களைப் பற்றித்தான் பேசப்போறோம்.

2021 ஜூன் 12, சனிக்கிழமை. இங்கே கொரோனா இரண்டாவது அலை ஊரடங்கு. கல்லூரி நண்பர்கள் ஆறு பேர், ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்து, வாட்ஸ்அப் குரூப்பில் கத்திக்கொண்டே யூரோ கோப்பை பார்த்துக்கொண்டிருந்தோம். கோபன்ஹேகன் நகரின் பார்க்கன் மைதானத்தில் டென்மார்க்கும் பின்லாந்தும் மோதின. நம்ம நேரப்படி இரவு ஒன்பதரைக்கு ஆட்டம் ஆரம்பித்தது.

43வது நிமிடம். இடது ஓரத்தில் டென்மார்க்குக்கு ஒரு த்ரோ-இன். பந்தை வாங்க வந்த கிறிஸ்டியன் எரிக்சன் இரண்டு அடி தடுமாறி, அப்படியே முன்பக்கமாக விழுந்தார். வயது 29. பக்கத்தில் யாரும் இடிக்கவில்லை. பந்து அவர் மேல் பட்டு உருண்டு போனது.

நடுவர் ஆண்டனி டெய்லர் சில விநாடிகளிலேயே விசில் ஊதி மருத்துவர்களைக் கூப்பிட்டார். கேப்டன் சிமோன் கியேர் ஓடிவந்தார். டென்மார்க் அணியின் டாக்டர் மோர்டன் போசன் வந்து சேர்ந்தபோது எரிக்சனுக்கு மூச்சும் இருந்தது, நாடித்துடிப்பும் இருந்தது. சட்டென்று இரண்டும் போய்விட்டன. உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார்கள். சக வீரர்கள் வெளிப்பக்கம் பார்த்தபடி ஒரு வளையமாக நின்று அவரை மறைத்தார்கள். சிலர் அழுதுகொண்டே நின்றார்கள். அப்படியும் கேமராக்கள் விலகவில்லை. அதற்குப் பெரிய எதிர்ப்பு வந்து, பிபிசி நேயர்களிடம் மன்னிப்பு கேட்டது.

எங்கள் குரூப்பில் யாரும் ஒன்றுமே டைப் பண்ணவில்லை. நான் டிவியை மியூட்டில் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தேன். ஏன் மியூட் பண்ணினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

மைதானத்திலேயே ஒரு ஷாக் கொடுத்தார்கள். இதயம் திரும்பத் துடித்தது. ஸ்ட்ரெச்சரில் போகும்போது அவர் கண் திறந்திருந்த படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அன்று இரவே ஆட்டத்தைத் தொடர்ந்து நடத்தி முடித்தார்கள். பின்லாந்து 1-0 என ஜெயித்தது. அது பெரிய சர்ச்சையானது, அதை இன்னொரு நாள் பேசலாம்.

மறுநாள் எங்கே பார்த்தாலும் ஒரே வார்த்தைதான்: அதிசயம். நானும் ஸ்டேட்டஸில் அதையேதான் போட்டேன். அப்புறம் இந்த எபிசோடுக்காகப் படிக்கப் படிக்க, அந்த வார்த்தை மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. என் வேலையில் ஒரு சர்வர் விழுந்து சில நிமிடத்தில் எழுந்துவிட்டால் யாரும் அதை அதிசயம் என்று சொல்ல மாட்டார்கள். இதற்கு முன்னாடி அது விழுந்து எழாமல் போன ஒரு ராத்திரி இருந்திருக்கும். எங்கே தப்பு நடந்தது என்று யாரோ உட்கார்ந்து எழுதி வைத்திருப்பார்கள். அந்த அறிக்கைக்கு எங்கள் ஆபீசில் ‘போஸ்ட்மார்ட்டம்’ என்று பெயர். கால்பந்தில் அந்த வார்த்தைக்கு அதன் நிஜ அர்த்தம்தான்.

லியோன், 2003

2003 ஜூன் 26. பிரான்ஸின் லியோன் நகரம், கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதி, கேமரூனும் கொலம்பியாவும். 72வது நிமிடத்தில் நடு வட்டத்துக்குள் கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோ விழுந்தார். அப்போதும் பக்கத்தில் யாரும் இல்லை. அப்போதும் நேரலை. ஸ்ட்ரெச்சரில் வெளியே தூக்கிப்போய் ஆக்சிஜன் கொடுத்தார்கள். 45 நிமிடம் போராடினார்கள். காப்பாற்ற முடியவில்லை. அவருக்கு வயது 28. லியோன் கிளப்புக்காக அதே மைதானத்தில் எத்தனையோ முறை ஆடியவர். இதயத் தசை தடித்துப்போகும் நோய் அவருக்கு இருந்தது என்பது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கணும். நாம எல்லாத்தையும் ‘ஹார்ட் அட்டாக்’னு சொல்லிடுறோம். மாரடைப்பு என்பது இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது, அதாவது பிளம்பிங் பிரச்சினை. ஃபோவுக்கும் எரிக்சனுக்கும் நடந்தது கார்டியாக் அரெஸ்ட், இது வயரிங் பிரச்சினை. இதயத்தின் மின்சார ஒழுங்கு குலைந்தால், தசை கன்னாபின்னா என்று நடுங்குமே தவிர ரத்தத்தை வெளியே தள்ளாது. மூளைக்கு ரத்தம் நின்றுவிடும். ஒன்றுமே செய்யாமல் கடக்கிற ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது.

ஷாக் கொடுப்பது நின்ற இதயத்தை ‘ஸ்டார்ட்’ பண்ணுவதற்கு என்றுதான் சினிமா பார்த்து நான் நினைத்திருந்தேன். உண்மையில் அது அந்தக் கன்னாபின்னா நடுக்கத்தை ஒரு நொடி மொத்தமாக அடக்குகிறது. அதற்குப் பிறகு இதயம் தன் சொந்தத் தாளத்தைத் தானே பிடித்துக்கொள்ளணும். நம்ம பாஷையில் சொன்னால், ரீபூட்.

ஒரு இன்ஜினியர் கதை

ரீபூட் என்று சும்மா சொல்லவில்லை. இந்தச் சிகிச்சையின் வரலாற்றில் முக்கியமான ஆள் ஒரு எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கோவன்ஹோவன். கம்பம் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன்கள் ஷாக் அடித்துச் சாவதைத் தடுக்க வழி உண்டா என்று மின்சார நிறுவனங்கள் கேட்டதில் தொடங்கியது அவருடைய ஆராய்ச்சி. நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்தே ஷாக் கொடுக்கும் கருவியை அவர் குழு உருவாக்கிக்கொண்டிருந்தது.

1958இல், கை நிக்கர்பாக்கர் என்ற அவருடைய ஆராய்ச்சி மாணவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். கனமான மின்முனையை நாயின் நெஞ்சில் வைத்து அழுத்தும்போது, மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியது. சோதனைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ரீடிங். பல பேர் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள். இவர்கள் விடவில்லை. வெறும் கையால் அழுத்தியே ரத்தத்தை ஓட வைக்கலாம் என்று, அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூடையும் சேர்த்துக்கொண்டு 1960இல் கட்டுரை எழுதினார்கள். கோவன்ஹோவனுக்கு அப்போது வயது 74. இன்றைக்கு நாம் சிபிஆர் என்று சொல்வதில் நெஞ்சை அழுத்தும் பகுதி அங்கிருந்து வந்ததுதான்.

கையால் அழுத்தி நேரம் வாங்கு, கருவியால் ரீபூட் பண்ணு. இரண்டு பாதியும் 1960லேயே கையில் இருந்தன. கேள்வி, விழுந்தவர் பக்கத்தில் அவை எத்தனை நிமிடத்தில் வந்து சேரும் என்பதுதான்.

இத்தாலி வழி, டென்மார்க் வழி

இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, விழுவதற்கு முன்பே கண்டுபிடி. இத்தாலி 1982 முதல் போட்டிகளில் ஆடும் எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் இதயப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. அந்நாட்டின் வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் இதய மரணம் ஆண்டுக்கு லட்சத்தில் 3.6 என்பதிலிருந்து 2004க்குள் 0.4 ஆகக் குறைந்தது. ஃபோவின் மரணத்துக்குப் பிறகு ஃபிஃபாவும் 2006 உலகக் கோப்பைக்கு முன்பு வீரர்களுக்குப் பரிசோதனையைக் கொண்டுவந்தது.

ஆனா எரிக்சன் இங்கிலாந்தில் ஏழு சீசன் ஆடியபோது வருஷா வருஷம் பரிசோதனை செய்துகொண்டவர். விழுந்த நாளில் அவர் இத்தாலியின் இன்டர் மிலான் வீரர். எந்த டெஸ்ட்டும் அவரைத் தடுத்து நிறுத்தவில்லை. எவ்வளவு சோதித்தாலும் ஒரு சில பக் நழுவி வெளியே வரத்தான் செய்யும், நமக்குத் தெரியாததா?

அதனால் இரண்டாவது பதில்: விழுவார்கள் என்று நினைத்தே தயாராக இரு. 2012 மார்ச்சில் லண்டனில் ஃபப்ரிஸ் முவாம்பா விழுந்தபோது, ரசிகராக வந்திருந்த ஆண்ட்ரூ டீனர் என்ற இதய மருத்துவர் கேலரியிலிருந்து இறங்கி ஓடினார். 15 ஷாக், 78 நிமிடம். முவாம்பா பிழைத்தார், ஆனால் மறுபடி ஆடவில்லை. அடுத்த வருடம் ஃபிஃபா தன் உறுப்புச் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் ஷாக் கருவி உள்ள அவசரப் பையைக் கொடுத்தது. யாரும் இடிக்காமல் ஒரு வீரர் விழுந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை கார்டியாக் அரெஸ்ட் என்றே எடுத்துக்கொள் என்று அதன் மருத்துவர்கள் சொன்னார்கள். டெய்லரின் விசில் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

டென்மார்க் இதை மைதானத்தோடு விடவில்லை. அங்கே 2005இல் பள்ளிகளில் சிபிஆர் பயிற்சி கட்டாயமானது, 2006இல் டிரைவிங் லைசென்ஸுக்கும். மருத்துவமனைக்கு வெளியே ஒருவர் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் சிபிஆர் செய்தது 2001இல் 21 சதவீதம், 2010இல் 45 சதவீதம். 30 நாள் தாண்டி உயிரோடு இருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 ஆனார்கள். டிவியில் வராத, கேமரா வட்டமிடாத எரிக்சன்கள் அவர்கள்.

1,100 நாள்

எரிக்சனின் நெஞ்சுக்குள் ஐசிடி என்ற சின்னக் கருவியை வைத்தார்கள். தாளம் தவறினால் உள்ளேயிருந்தே ஷாக் கொடுக்கும். இதற்குப் பின்னாலும் ஒரு மரணம் உண்டு. மிஷல் மிரோவ்ஸ்கி என்ற மருத்துவர், 1966இல் தன் ஆசான் இப்படியே இறந்துபோனதைத் தாங்க முடியாமல் இந்த யோசனையைப் பிடித்தார். நடக்காத காரியம் என்று பெரிய மருத்துவர்களே சொன்னார்கள். 1980இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

பல உயிர்களைக் காத்த அதே இத்தாலிய விதிகள் ஐசிடியோடு ஆட அனுமதிக்கவில்லை. 2021 டிசம்பரில் இன்டர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. இங்கிலாந்தில் பிரென்ட்ஃபோர்டு கூப்பிட்டது. விழுந்து 259 நாள் கழித்து மறுபடி களம் இறங்கினார். 2022 மார்ச்சில் அதே பார்க்கன் மைதானத்தில் கேப்டனாக வந்து கோல் அடித்தார். 2024 யூரோவில் ஸ்லோவேனியாவுக்கு எதிராக இன்னொன்று. அன்றைக்குச் சரியாக 1,100 நாள்.

கடைசியா ஒன்று. எங்கள் ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும். நாலு வருஷமா அதன் பக்கத்தில் நின்று போனைத் தடவியிருக்கிறேன். இந்த எபிசோடு எழுதும்போதுதான் அது ஏஇடி, அதாவது பொதுமக்களே பயன்படுத்தக்கூடிய ஷாக் கருவி, என்று கவனித்தேன். செக்யூரிட்டி அண்ணாவிடம் கேட்டேன். “ஏதோ மெஷின் தம்பி, யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க”ன்னார்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் சிபிஆர் வகுப்புக்குப் போனோம். பொம்மையின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டராவது இறங்குகிற மாதிரி அழுத்தணும். ரெண்டு நிமிஷத்தில் எனக்குக் கை கழன்றுவிட்டது. அண்ணா விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது: நான் விழுந்தால் அந்த லிஃப்ட் பக்கத்தில் இருக்கப்போவது அவர்தான்.

உங்க ஆபீசில், உங்க அப்பார்ட்மென்ட்டில் அந்தப் பெட்டி இருக்கா? திங்கட்கிழமை பார்த்துட்டு வந்து சொல்லுங்க. 108 நம்பரும் மனசுல இருக்கட்டும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.