எங்கே இருக்கிறாய், எப்படி இருக்கிறாய்

போன வருடம் ஜூலையில் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ஓர் ஓடைக்கரையில் ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்க வேண்டியதாயிற்று. ஆபத்து ஒன்றுமில்லை. பனி உருகி வருகிற ஓடைகளில் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் ஏறும், விடியற்காலையில் வடியும். நான் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து மணி. இடுப்பளவு தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. காலையில் கடந்துகொள்ளலாம் என்று கூடாரம் போட்டு, சூப் வைத்துக் குடித்துவிட்டு, நன்றாகத் தூங்கிவிட்டேன்.

சாக்ரமெண்டோவில் அக்கா தூங்கவில்லை. அன்று இரவு எட்டு மணிக்குள் காருக்கு வந்து போன் செய்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். மலையில் செல்போன் சிக்னல் கிடையாது. அதிகாலை நாலு மணிக்கு அவள் ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டாள். மறுநாள் பதினொரு மணிக்கு நான் பேசியபோது திட்டக்கூட இல்லை. ஒன்றுதான் கேட்டாள்: "பைல ஏதோ சேட்டிலைட் மெஷின் வச்சிருக்கியேடா, அதுல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சொல்ல முடியாது. என்னிடம் இருந்தது பெர்சனல் லொகேட்டர் பீக்கன், சுருக்கமாக பிஎல்பி. பொத்தானை அழுத்தினால் அமெரிக்க விமானப்படையின் மீட்பு மையம் வரைக்கும் செய்தி போகும். ஆனால் அதற்குத் தெரிந்தது ஒரே வாக்கியம்: "உயிர் போகப் போகுது, வாங்க." "நல்லா இருக்கேன், நாளைக்கு வர்றேன்" என்று சொல்ல அதற்குத் தெரியாது.

இந்த வருடம் ஜான் மியூர் பாதையில் தனியாக நடக்கப் போகிறேன். கிட்டத்தட்ட 340 கிலோமீட்டர், மூன்று வாரம். எந்தக் கருவியை எடுத்துப்போவது என்று தேட ஆரம்பித்தவன், அந்தக் கருவிகளின் வரலாற்றுக்குள் போய் விழுந்துவிட்டேன்.

அந்த வரலாறு 1957 அக்டோபரில் ஸ்புட்னிக்கின் 'பீப், பீப்' சத்தத்தில் தொடங்குகிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இரண்டு இளம் விஞ்ஞானிகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரயில் நெருங்கும்போது ஹாரனின் சுருதி ஏறி, தாண்டிப் போனதும் இறங்குமே, அந்த டாப்ளர் விளைவுதான் இதிலும். சுருதி மாறுவதை வைத்தே அவர்கள் ஸ்புட்னிக்கின் பாதையைக் கணக்கிட்டார்கள். அவர்களுடைய மேலதிகாரி ஃபிராங்க் மெக்லூர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: செயற்கைக்கோளின் பாதை நமக்குத் தெரியும் என்றால், அதைக் கேட்கிறவன் பூமியில் எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடிக்கலாம் இல்லையா? நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு வழிகாட்டிய டிரான்சிட் செயற்கைக்கோள்கள் அப்படித்தான் வந்தன. இன்னும் ஒரு திருப்பம் பாக்கி இருந்தது. தரையில் தொலைந்துபோனவன் 'பீப்' எழுப்ப வேண்டும், வானம் அதைக் கேட்க வேண்டும்.

அதற்கான அவசரத்தை உண்டாக்கியவற்றில் ஒன்று அலாஸ்காவில் நடந்தது. 1972 அக்டோபர் 16-ஆம் தேதி, பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஹேல் பாக்ஸும் அலாஸ்கா உறுப்பினர் நிக் பெகிச்சும் ஆங்கரேஜிலிருந்து ஜூனோவுக்கு ஒரு சிறிய செஸ்னா விமானத்தில் கிளம்பினார்கள். விமானியையும் ஓர் உதவியாளரையும் சேர்த்து நான்கு பேர். போய்ச் சேரவில்லை. 39 நாள் தேடினார்கள். இன்றுவரை ஒரு துண்டு தகரம்கூடக் கிடைக்கவில்லை. காணாமல்போன நிலையிலேயே இருவரும் நவம்பர் தேர்தலில் ஜெயித்தார்கள்.

அந்தக் காலத்திலேயே அவசர ஒலிபரப்பிகள் வந்துவிட்டன. விபத்தை ஆராய்ந்தவர்கள், அந்த விமானத்தில் அப்படி ஒன்று இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். விமானியிடம் கையடக்கக் கருவி ஒன்று இருந்திருக்கிறது. அது ஃபேர்பேங்க்ஸில் வேறொரு விமானத்தில் கிடந்தது. இதைப் படித்த அன்றே என் பிஎல்பியைப் பையின் அடியிலிருந்து எடுத்து, தோள்பட்டை வாரில் கட்டிவிட்டேன். ஓடையில் பை அடித்துக்கொண்டு போனால், அதிலுள்ள கருவி மீன்களுக்குத்தான் உதவும்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு நம்பவே முடியாதது. 1979 நவம்பரில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்ஸ் நான்கும் லெனின்கிராட் நகரில் ஓர் ஒப்பந்தம் போட்டன. அபயக் குரலைக் கேட்கும் கருவிகளைத் தங்கள் செயற்கைக்கோள்களில் பொருத்தி, யார் குரலாக இருந்தாலும் பகிர்ந்துகொள்வது என்று. அடுத்த மாதமே சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அதற்கடுத்த வருடம் மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்தது. இந்த ஒப்பந்தம் மட்டும் முறியவில்லை. 1982 ஜூன் 30-ஆம் தேதி முதல் செயற்கைக்கோளை அனுப்பியது சோவியத் ஒன்றியம். அந்தச் செப்டம்பரிலேயே, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலையில் விழுந்த ஒரு சிறு விமானத்தின் ஈனமான சிக்னல் அதற்குக் கேட்டது. மூன்று பேர் உயிரோடு திரும்பினார்கள். காஸ்பாஸ்-சார்சாட் என்ற அந்த அமைப்பின் காதுக்குத்தான் என் பிஎல்பி இன்றும் கத்தும்.

பழைய ஒலிபரப்பிகள் 121.5 மெகாஹெர்ட்ஸில் வெறுமனே ஊளையிட்டன. யார் என்று சொல்லத் தெரியாது, பெரும்பாலானவை பொய் எச்சரிக்கைகள். 2009 பிப்ரவரியில் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதை நிறுத்திக்கொண்டன. இப்போதைய 406 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் ஓர் அடையாள எண்ணையும் சேர்த்து அனுப்புகின்றன. அமெரிக்காவில் நடைபயணிகள் இதை வைத்துக்கொள்ள 2003-இல்தான் அனுமதி கிடைத்தது. பதிவு இலவசம், சந்தா கிடையாது. பேட்டரி பல வருடம் சும்மா கிடந்தாலும், அழுத்திய பிறகு குறைந்தது 24 மணி நேரம் கத்தும். அரசுகள் சேர்ந்து கட்டிய பொதுக்கிணறு மாதிரி. ஆனால் அந்த அரசுகள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: எங்கே இருக்கிறாய்?

அக்கா கேட்டது வேறு கேள்வி. எப்படி இருக்கிறாய்? அதற்குப் பதில் சொல்லும் கருவி ஒரு திவாலிலிருந்து வந்தது.

மோட்டோரோலா தொடங்கிய இரிடியம் நிறுவனம் சுமார் 500 கோடி டாலர் செலவில் 66 செயற்கைக்கோள்களைப் பறக்கவிட்டது. முதலில் 77 என்று திட்டம். இரிடியம் தனிமத்தின் அணு எண்ணும் 77, பெயர் வந்த கதை அதுதான். 1998 நவம்பரில் சேவை தொடங்கியது. போன் செங்கல் அளவு, விலை 3,000 டாலர் பக்கம், கட்டடத்துக்குள் வேலை செய்யாது. அதற்குள் ஊரெல்லாம் செல்போன் வந்துவிட்டது. 1999 ஆகஸ்டில் திவால். செயற்கைக்கோள்களை வளிமண்டலத்தில் இறக்கி எரித்துவிடலாம் என்ற யோசனைகூட இருந்தது. கடைசியில் வெறும் 2.5 கோடி டாலருக்குக் கைமாறி, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தத்தில் பிழைத்தது. பேச்சுக்காகக் கட்டிய அந்த வலையில்தான் 2011-இல் இன்ரீச் என்ற குறுஞ்செய்திக் கருவி வந்து உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் செய்தி போகும். அவசரத்தில் மீட்பவர்களோடு பேசலாம்: எலும்பு முறிவா, காய்ச்சலா, எத்தனை பேர்? ஆனால் சந்தா கட்ட வேண்டும், தினமும் சார்ஜைப் பார்க்க வேண்டும். பிஎல்பி 5 வாட்டில் கத்துகிறது என்றால், இது அதைவிடக் குறைந்த சக்தியில் பேசுவது. செங்குத்தான பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரத்தடியிலும் செய்தி போகத் தாமதமாகலாம்.

"2022 நவம்பர்லேர்ந்து ஐபோன்லயே சேட்டிலைட் வந்திருச்சே, அப்புறம் எதுக்கு?" என்று நண்பன் கேட்டான். வந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் மலையில் என் போன்தான் வரைபடம், கேமரா, டார்ச் எல்லாமே. பாறையில் விழுந்து நொறுங்கவும் முதலில் தயாராக இருப்பது அதுதான். கடைசி நம்பிக்கையை அதில் வைக்க மனசு வரவில்லை.

கடைசியில் இரண்டையும் எடுத்துப்போகிறேன். பிஎல்பி பழையபடி தோள்வாரில். குறுஞ்செய்திக் கருவி மூன்று வாரத்துக்கு வாடகைக்கு. ஒன்றுதான் வாங்க முடியும் என்கிற தனிநடைக்காரரிடம், வீட்டில் காத்திருக்கும் ஆள் உண்டா என்று முதலில் கேட்பேன். உண்டு என்றால் இருவழிக் கருவி. ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இந்தியாவில் இத்தகைய சேட்டிலைட் தொடர்புக் கருவிகளை அரசு அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்தில் கைதாகியிருக்கிறார்கள். லீவுக்கு வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

புதுக் கருவியோடு புதுப் பயமும் வரும். தினமும் செய்தி வந்து பழகிய வீட்டுக்கு, பேட்டரி செத்த ஒரு ராத்திரிகூட மரணச் செய்தி மாதிரிதான். அதனால் ஒரு தாளில் எழுதி அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்: தினமும் இரவு எட்டு மணிக்குள் ஒரு செய்தி. ஒரு நாள் வராவிட்டால் கருவி கெட்டிருக்கும் என்று எடுத்துக்கொள். 48 மணி நேரம் ஆனால் ஷெரீஃபைக் கூப்பிடு.

அக்கா பேனாவை வாங்கி, 48-ஐ அடித்துவிட்டு 36 என்று எழுதினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.