அலைப் பலகைக்கு வால் முளைத்த கதை

அம்பின் பின்புறத்தில் இறகு கட்டுவது எதற்காக? அம்பு நேராகச் செல்வதற்காக. நேராகச் செலுத்தும் அதே உறுப்பு, சட்டென்று திரும்பவும் உதவுமா? கடல் அலைமீது பலகையில் சறுக்குவோர் விடை தேடிய கேள்வி இதுதான்.

ஹவாய்த் தீவினரின் பழைய மரப்பலகைகளுக்கு அடியில் துடுப்பு கிடையாது. திரும்ப வேண்டுமானால் ஒரு காலை நீரில் இழுப்பார்கள். செங்குத்தான அலையில் பலகையின் வால் வழுக்கிவிடும். 1935ஆம் ஆண்டில் டாம் பிளேக் என்பவர், கைவிடப்பட்ட விசைப்படகு ஒன்றின் அடித்தகட்டைத் தம் பலகையின் பின்பக்கம் பொருத்தினார். வழுக்கல் நின்றது.

காரணம் எளியது. வால் பக்கவாட்டில் நகர முயன்றால், நீர் துடுப்பின்மீது சாய்வாக மோதி அதை எதிர்த்துத் தள்ளுகிறது. இவ்விசையையும், பலகை திரும்பும் மையத்திலிருந்து துடுப்புக்குள்ள தூரத்தையும் பெருக்கினால் கிடைப்பதே திருப்புத்திறன். துடுப்பு பெரிதாகவும் பின்தள்ளியும் இருந்தால் பிடிப்பு மிகும். ஆனால் திரும்புவது கடினமாகும்.

ஆஸ்திரேலியரான மார்க் ரிச்சர்ட்ஸ், இரண்டு சிறு துடுப்புகள் கொண்ட பலகையால் புகழ் பெற்றார். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை உலகப் பட்டம் வென்றார். பலகை சாயும்போது ஓரத்துத் துடுப்பு நீருக்குள்ளேயே இருப்பதால் திருப்பம் எளிதாயிற்று. ஆனால் உடல் கனத்தவர்களுக்குப் பெரிய அலைகளில் அது வழுக்கியது. அப்படி இடர்ப்பட்ட சைமன் ஆண்டர்சன் என்ற ஆஸ்திரேலியர், 1980இல் ஓரங்களில் இரண்டு, பின்னால் நடுவில் ஒன்று என மூன்று துடுப்புகளைப் பொருத்தினார். 1981இல் பெல்ஸ் பீச் போட்டியிலும் ஹவாயின் பைப்லைன் போட்டியிலும் வென்றார். ஐயம் தீர்ந்தது!

பாய்மரம் பூட்டிய பலகைக்கு ஜிம் டிரேக்கும் ஹாயில் ஷ்வைட்சரும் 1968இல் அமெரிக்காவில் காப்புரிமை கோரினர். பாயின் பக்கவிசையையும் துடுப்பு தாங்க வேண்டும் அல்லவா? அதனால் அவ்வகை அலைப் பலகைகளில் ஒற்றைத் துடுப்பே நெடுங்காலம் நீடித்தது. 2000க்குப் பின்னரே பல துடுப்புகள் பரவின.

இன்று பல பலகைகளில், திருகைத் தளர்த்தித் துடுப்பை முன்பின் நகர்த்தலாம். சற்று முன்னே நகர்த்தினால் தூரம் குறைகிறது, திருப்புத்திறனும் குறைகிறது, பலகை சிறு வட்டத்தில் திரும்புகிறது. அளவு மீறினால் பிளேக் காலத்து வழுக்கல் திரும்பிவிடும்!

ஒரு மரச்சட்டத்தின் அடியில் தகரத் துண்டைச் செருகித் தொட்டி நீரில் தள்ளிப் பாருங்கள். தகரத்தை இடம் மாற்றினால், வேறுபாட்டை நீங்களே காண்பீர்கள்.