கேட்: சங்கிலியில் பிறந்த கட்டளை

யூனிக்ஸில் உள்ள 'கேட்' கட்டளைக்கும் பூனைக்கும் உறவில்லை. 'கேட்டனேட்' என்பதன் சுருக்கம் அது. அதன் வேர் லத்தீன் மொழியின் 'கேட்டேனா', பொருள், சங்கிலி. 'சேர்த்து' எனப் பொருள்தரும் 'கான்' முன்னொட்டு கூடியபோது 'கான்கேட்டனேட்' பிறந்தது: கண்ணியோடு கண்ணி கோத்தல்.

1971-இல் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இக்கட்டளை உண்டு. கோப்புப் பெயர்களை வரிசையாகக் கொடுத்தால், ஒன்றன் முடிவில் அடுத்ததைச் சேர்த்து ஒரே ஓட்டமாகத் தரும்.

சர்வர் நிரலில் தரவோடைகளை வரிசையாக இணைப்பதும் இதே வேலைதான். நோட்.ஜேஎஸ்ஸில் இரண்டு ஓடைகளை ஒரே நேரத்தில் ஓர் இலக்குக்குத் திருப்பினால், துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிடும். முதல் ஓடை 'எண்ட்' நிகழ்வை எழுப்பிய பிறகே அடுத்ததை இணைக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: மூல ஓடை தீர்ந்ததும், அதை இலக்கோடு இணைக்கும் 'பைப்' செயற்கூறு இயல்பாகவே இலக்கையும் முடித்துவிடும். ஆகவே கடைசி ஓடை தவிர மற்றவற்றுக்கு 'எண்ட்' விருப்பத்தை 'ஃபால்ஸ்' என வைக்க வேண்டும்.

தமிழில் 'தொடர்' என்ற சொல்லுக்கும் சங்கிலி என்ற பழம்பொருள் உண்டு. ஆகவே 'கான்கேட்டனேட்' செய்வதைத் 'தொடர் இணைப்பு' என்று தயங்காமல் எழுதலாம். மூலச் சொல்லின் பொருள் அதில் முழுதாக நிற்கிறது.