பிவண்டியின் மொகல்லாக் குழுக்கள்: எரியாத ஊரின் வரலாறு

1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அம்மாதத்திலும் அடுத்து வந்த ஜனவரியிலும் மும்பையில் மூண்ட கலவரங்களில் ஏறத்தாழ 900 பேர் மாண்டனர். மும்பைக்கு அருகே தானே மாவட்டத்தில் உள்ள விசைத்தறி ஊரான பிவண்டியோ அந்நாள்களில் அமைதியாக இருந்தது. அவ்வூரின் முந்தைய வரலாற்றை அறிந்தோர் எவரும் இதை எதிர்பார்த்திருக்க இயலாது.

1970 மே மாதம் சிவாஜி பிறந்தநாள் ஊர்வலத்தின்போது பிவண்டியில் வெடித்த வன்முறை ஜல்காவ், மகாட் ஆகிய ஊர்களுக்கும் பரவியது. அதனை விசாரித்த நீதிபதி டி. பி. மதோன் ஆணையம், காவல்துறையின் ஒருதலைப்பட்சமான போக்கைக் கடுமையாகக் கண்டித்தது. 1984 மே மாதம் பிவண்டியிலும் மும்பையிலும் தானேயிலும் மீண்டும் கலவரம் மூண்டு, இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரு சமூகங்களும் ஒன்றையொன்று அஞ்சின. சிறுபான்மையினர் காவல்துறையையும் அஞ்சினர்.

பொருளாதார உறவு இல்லாமையால் இந்நிலை நேரவில்லை என்பது கருதத்தக்கது. வட இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய இசுலாமிய நெசவாளர், தெலுங்குப் பகுதியிலிருந்து வந்த பத்மசாலியர், நூலும் துணியும் விற்ற குஜராத்தி, மார்வாரி வணிகர் ஆகியோர் ஒரே தொழிலில் பிணைந்திருந்தனர். ஒருவர் தறி நின்றால் மற்றவர் கடையும் படுத்துவிடும். ஆயினும் இப்பிணைப்பு இரண்டு முறை அறுந்தது. சந்தையில் சந்தித்துக்கொண்டோர் வாழ்ந்த தெருக்கள் வேறுவேறாக இருந்தன. அத்தெருக்களுக்கு இடையே வதந்தி ஒன்றே தங்குதடையின்றி நடமாடியது.

1988இல் பிவண்டியின் காவல் துணை ஆணையராகப் பொறுப்பேற்ற சுரேஷ் கோபடே இந்த இடைவெளியையே தம் பணிக்களமாகக் கொண்டார். அமைதிக் குழு என்பது அதற்கு முன்பே இந்திய நிர்வாகத்தில் பழகிப்போன ஏற்பாடுதான். பதற்றம் தோன்றியதும் அரசியல் பிரமுகர்களையும் சமயத் தலைவர்களையும் கூட்டிப் பேசவைத்துக் கலைப்பதே அதன் வழக்கம். அப்பிரமுகர்களில் சிலரே பதற்றத்தின் பயனாளிகளாகவும் இருந்தனர். கோபடே அமைத்த சுமார் 70 மொகல்லாக் குழுக்கள் இரு வகையில் இதனின்று வேறுபட்டன. ஒன்று, அவற்றில் இடம்பெற்றோர் அந்தந்தப் பகுதியில் வாழ்ந்த இரு சமயத்தையும் சேர்ந்த எளிய மக்கள். மற்றொன்று, கலவர அறிகுறி இல்லாத நாள்களிலும் அவர்கள் காவலர்களுடன் தொடர்ந்து கூடினர்.

அக்கூட்டங்களில் பேசப்பட்டவை பெரும்பாலும் அன்றாடப் பூசல்களே. அவற்றின் மதிப்பும் அதில்தான் இருந்தது. சிறு தகராறு சமயச் சாயம் பெறுமுன் தீர்க்கப்பட்டது. எதிர்த் தெருவில் யார் வாழ்கிறார் என்பது பெயரும் முகமுமாகத் தெரிந்தது. வதந்தி பரவியபோது யாரிடம் கேட்டு உண்மையறிவது என்ற வழியும் பிறந்தது. 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் மரபில் வளர்ந்த காவலர், மேலிடத்து ஆணைக்கு மட்டுமே கட்டுப்படப் பழகியவர். தெருவாசிகளின் எதிரே அமர்ந்து அவர்கள் கேள்விக்கு விடை கூறியது அவருக்கும் புதிய பயிற்சி.

அரசியல் அறிஞர் அசுதோஷ் வர்ஷ்னே 2002இல் வெளியிட்ட ஆய்வில் பிவண்டி சிறப்பிடம் பெறுகிறது. இரு சமூகங்களையும் இணைக்கும் குடிமை அமைப்புகள் உள்ள ஊர்களில் வன்முறை கட்டுக்குள் அடங்குகிறது என்பது அவர் வாதம். அத்தகைய இணைப்பு இயல்பாக வளராத ஊரிலும் அரசு முயன்றால் அதனை உருவாக்க இயலும் என்பதற்குப் பிவண்டி சான்றாயிற்று. மும்பையும் அழிவுக்குப் பின்னரே விழித்துக்கொண்டு, 1994இல் மொகல்லாக் குழு இயக்கத்தைத் தொடங்கியது.

ஆனால் வரலாறு 1992உடன் முடியவில்லை. 2006 ஜூலையில் இசுலாமியரின் அடக்கத்தலத்தை ஒட்டிய நிலத்தில் காவல் நிலையம் கட்ட முற்பட்டதை எதிர்த்துப் பிவண்டியில் மோதல் வெடித்தது. காவலர் சுட்டதில் இருவர் மாண்டனர். தொடர்ந்து காவலர் இருவர் கூட்டத்தாரால் கொல்லப்பட்டனர். முன்பு இரு சமூகங்களுக்கு இடையே நடுவராக நின்ற காவல்துறை, இம்முறை தானே வழக்கின் ஒரு தரப்பாயிற்று. நம்பிக்கையைக் கட்டிய அதே ஊரில், காவல் நிலையத்துக்குக் கட்டடம் எழுப்ப முனைந்ததே குருதி சிந்தக் காரணமாயிற்று.

மொகல்லாக் குழுக்கள் சட்டத்தால் பிறந்தவை அல்ல. ஓர் அதிகாரியின் முன்முயற்சியால் பிறந்தவை. அவற்றின் ஆற்றலும் நலிவும் அங்கிருந்தே தொடங்குகின்றன. அதிகாரி மாறுவார், உறுப்பினர் மூப்படைவர், வேலை தேடிப் புதியோர் குடியேறுவர். முன்பு ஈட்டிய நம்பிக்கை புதிதாக வந்தவருக்குத் தானாகச் சென்று சேர்வதில்லை. கலவரத் தடுப்பு என்பது ஒருமுறை நிறைவேற்றி முடிக்கும் திட்டம் அன்று. ஒவ்வொரு தலைமுறையும் முதலிலிருந்து செய்தாக வேண்டிய வேலை. பிவண்டியின் 1992ஐ மட்டும் படிப்போர்க்கு இவ்வூர் ஒரு வெற்றிக்கதை. 2006ஐயும் சேர்த்துப் படிப்போர்க்கே இது வரலாறு.