மடுல்கெல்ல: கோப்பி வீழ்ச்சியும் பயிர்த் தேர்வும்

மடுல்கெல்ல, கண்டி மாவட்டத்தில் பன்விலைக்கு அருகே நக்கிள்ஸ் மலைச்சரிவில் உள்ள தோட்ட ஊர். இன்று தேயிலைக்குப் பெயர்பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் இப்பகுதி கோப்பி நிலம்.

ஒரே பயிர் என்றால் செலவு குறைவு: கோப்பியைப் பதப்படுத்த ஒரே ஸ்டோர், ஒரே பறிப்புக் காலம், அதற்கு மட்டும் தமிழகத்திலிருந்து வந்து திரும்பும் ஆட்கள். 1869இல் இலங்கையில் கோப்பியின் இலைத்துரு நோய் தென்பட்டபின், அந்தச் சிக்கனமே துரைமாரை (தோட்ட முதலாளிகளை) ஒரே பயிரோடு கட்டிப்போட்டது. மலைநாட்டில் பலர் கோப்பியைப் பிடுங்காமல் நிரைகளுக்கிடையே சிங்கோனா (குயினின் மருந்து தரும் பட்டை மரம்) நட்டனர். கன்றுக்குக் கூடுதல் செலவுதான். ஆனால் மரத்தை வெட்டாமலே பட்டையைக் கத்தியால் சீவி, வெயிலில் காயவைத்து விற்கலாம். பெரிய இயந்திரம் தேவையில்லை. கோப்பி தேறினால் அதுவும் கையில் இருக்கும்.

தேயிலை அப்படியல்ல. கொழுந்தை வாட்டும் மாடி, உருட்டும் இயந்திரம், ஆண்டு முழுவதும் பறிக்க லயத்தில் (தோட்ட வரிசை வீடுகளில்) குடியிருக்கும் ஆட்கள் என்று போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. லூல்கந்துரைத் தோட்டத்தில் துரை ஜேம்ஸ் டெய்லர் 1867இல் வெறும் 19 ஏக்கரில் தேயிலையைச் சோதித்திருந்தது பின்வந்தோருக்கு வழிகாட்டியது.

1880களில் பட்டை சந்தையில் குவிந்து சிங்கோனா விலை சரிந்தது. சிங்கோனாவைத் தோல்வி என்று எழுதுவது வழக்கம்; ஆனால் தேயிலைக்கு மாறும்வரை பல தோட்டங்களைத் தாக்குப்பிடிக்க வைத்தது அதுதான்.