பீப்பாய்த் தச்சர் பாட்டுடைத் தலைவரான கதை

முன்னோரைப் பாடுதல் கவிஞர்க்கு இயல்பான விருப்பமாகும். ஆயின், வாழ்ந்த முன்னோர் ஒருவராகவும் பாடப்பெற்ற முன்னோர் வேறொருவராகவும் அமைந்துவிடுதல் உலக இலக்கியங்களில் அரிதன்று. அமெரிக்க நாட்டின் தொடக்கக் காலக் குடியேறிகளுள் ஒருவரான ஜான் ஆல்டனின் வாழ்வு இதற்குச் சிறந்த சான்றாகும். அவர் மறைந்து 171 ஆண்டுகளுக்குப் பின், அவர்தம் வழித்தோன்றலாகிய பெருங்கவிஞர் லாங்ஃபெல்லோ அவரைப் பாட்டுடைத் தலைவராக்கினார். பாட்டு வென்றது, மனிதர் மறைந்தார். அம்மனிதரை மீண்டும் தேடிக் காண்பதும், கவிதை எதனைக் கொண்டது, எதனை விட்டது என அறிவதும் கவிதை எழுதுவோர்க்குப் பயன் தருவனவாம்.

கடல் கடந்த தச்சர்

1620ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் பிளைமவுத் துறைமுகத்திலிருந்து 'மேஃபிளவர்' என்னும் கப்பல் 102 பயணிகளுடன் புறப்பட்டது. அவர்களுள் ஒரு பகுதியினர், ஆங்கிலத் திருச்சபையின் கட்டுப்பாட்டை ஏற்க மறுத்துப் பிரிந்து நின்ற சமயக் குழுவினர். இருபதைக் கடந்து ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த ஜான் ஆல்டன் அக்குழுவைச் சேர்ந்தவர் அல்லர். சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் கப்பலுக்கு உணவுப் பொருள் ஏற்றியபோது, பீப்பாய் செய்யும் தச்சராகக் கூலிக்கு அமர்த்தப்பெற்றவர் அவர்.

அக்காலக் கடற்பயணத்தில் குடிநீர், பீர், உப்பிட்ட இறைச்சி முதலிய அனைத்தும் பீப்பாய்களிலேயே அடைக்கப்பட்டன. ஒரு பலகை விரிசல் கண்டால் பல நாள் உணவு பாழாகும். எனவே பீப்பாய்த் தச்சரைக் கப்பலின் உயிர் காப்போருள் ஒருவர் எனலாம். புதிய குடியிருப்பிற்கும் அத்தொழில் இன்றியமையாததாக இருந்தது. 1621இல் அங்கிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பிய முதற் சரக்கே மரப்பலகைகளும், இரு பெரும் பீப்பாய்களில் அடைத்த நீர்நாய், பீவர் தோல்களுமாம். அச்சரக்கை வழியிலேயே பிரெஞ்சுக்காரர் கவர்ந்துகொண்டனர் என்பது தனித்துன்பம்.

குடியேற்றத்தின் ஆளுநராக நெடுங்காலம் விளங்கிய வில்லியம் பிராட்ஃபோர்டு, தம் வரலாற்று நூலில் ஆல்டனைப் பற்றிச் சில வரிகளே எழுதியுள்ளார். நம்பிக்கைக்குரிய இளைஞர் என்பதால் அனைவரும் அவரை விரும்பினர். கரை சேர்ந்தபின் தங்குவதும் திரும்புவதும் அவர் விருப்பிற்கே விடப்பட்டன. அவர் தங்கினார், அங்கேயே மணம் புரிந்தார் என்பது அவ்வரிகளின் சாரம். சமயத்தின் பொருட்டு வந்தோர்க்குத் திரும்பிச் செல்ல இடமில்லை. ஆல்டனுக்கு இடமிருந்தது. அவர் தங்கியது அவராகத் தேர்ந்துகொண்ட முடிவு என்பதே அவர் வாழ்வின் முதற் சிறப்பாகும்.

அவ்வாண்டு நவம்பரில், கரையிறங்குமுன் கப்பலிலேயே ஆடவர் 41 பேர் தம்மைத் தாமே ஆளும் உடன்படிக்கை ஒன்றில் கையொப்பமிட்டனர். அவர்களுள் ஆல்டனும் ஒருவர். அந்த நாற்பத்தொருவருள் இறுதிவரை உயிர்வாழ்ந்தவரும் அவரே.

பிரிசில்லா

அவர்கள் இறங்கிய இடம் ஆளற்ற காடன்று. அது வாம்பனோவாக் மக்களின் 'பட்டுக்செட்' என்னும் ஊர். 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயால் அவ்வூர் மக்கள் மாண்டொழிய, உழுது பண்படுத்திய நிலம் மட்டும் எஞ்சியிருந்தது. அந்நிலத்தில் வீடு எழுப்பத் தொடங்கிய குடியேறிகளையும் மரணம் விட்டுவைக்கவில்லை. குளிரும் நோயும் தாக்க, இளவேனில் வருமுன் ஏறத்தாழப் பாதிப் பேர் மாண்டனர்.

மாண்டவர்களுள் டார்க்கிங் ஊரைச் சேர்ந்த செருப்பு வணிகர் வில்லியம் மல்லின்ஸ் ஒருவர். 1621 பிப்ரவரியில் இறக்கும் தறுவாயில் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பெற்ற விருப்ப ஆவணம் இன்றும் கிடைக்கிறது. 21 டஜன் காலணிகளையும் 13 இணை நீள்காலணிகளையும் அவர் உடன் கொண்டுவந்திருந்தார். நூற்றிரண்டு பேர் ஏறிய கப்பலில் 252 காலணிகள்! புதுவாழ்வைப் பற்றி அவர் எத்துணை நம்பிக்கை கொண்டிருந்தார் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. அவரைத் தொடர்ந்து மனைவியும் மகனும் பணியாளும் மாண்டனர். அக்குடும்பத்தில் புதுமண்ணில் எஞ்சியவர் பதின்பருவ மகள் பிரிசில்லா மட்டுமே.

உற்றார் அனைவரையும் இழந்த அப்பெண்ணும், உற்றார் எவரும் இன்றி வந்த அத்தச்சரும் மணம் புரிந்தனர். பிள்ளைகள் பதின்மர் பிறந்தனர். இவ்வளவே ஆவணங்கள் உரைக்கும் காதற்கதை.

கடனும் நிலமும்

குடியேற்றத்திற்கு முதலீடு செய்தோர் லண்டன் வணிகர்கள். அவர்களுக்குத் தரவேண்டிய கடன் 1800 பவுனாக உறுதி செய்யப்பட்டபோது, 1627இல் எட்டுப் பேர் அதனைத் தம் பொறுப்பில் ஏற்றனர். ஆளுநர் பிராட்ஃபோர்டு, படைத்தலைவர் மைல்ஸ் ஸ்டாண்டிஷ் ஆகியோருடன் ஆல்டனும் அவ்வெண்மருள் ஒருவர். கூலிக்கு வந்தவர் ஏழே ஆண்டுகளில் ஊர்க்கடனுக்குப் பிணை நிற்கும் நிலைக்கு உயர்ந்துவிட்டார்.

அதே ஆண்டில் ஊரின் கால்நடைகள் பன்னிரண்டு பங்குகளாகப் பிரிக்கப்பெற்றன, பங்கிற்குப் பதின்மூவர். ஜான், பிரிசில்லா, மக்கள் எலிசபெத், ஜான் ஆகிய நால்வரும் இடம்பெற்ற பங்கிற்கு 'ராக்ஹார்ன்' என்னும் பெயருடைய பசு வந்து சேர்ந்தது. பெயர் சொல்லி அழைக்கப்பெற்ற ஒரு பசுவைப் பதின்மூவர் பகிர்ந்துகொண்ட எளிமை எண்ணத்தக்கது.

பின்னர் ஆல்டன் குடும்பம் விரிகுடாவின் வடபால் அமைந்த டக்ஸ்பரிக்குக் குடிபெயர்ந்தது. ஸ்டாண்டிஷும் அங்கேயே குடியமர்ந்தார். 1960இல் நிகழ்ந்த அகழாய்வில் ஆல்டனின் முதல் வீட்டின் அடித்தளம் வெளிப்பட்டது. நீளம் ஏறத்தாழ 38 அடி. அகலம் பத்தரை அடி. அத்துணைக் குறுகிய வீட்டிலேயே ஒரு பெருங்குடும்பம் தழைத்தது.

தூது சென்றவர் யார்?

லாங்ஃபெல்லோவின் 'மைல்ஸ் ஸ்டாண்டிஷின் காதல்முயற்சி' என்னும் நெடுங்கவிதை 1858இல் வெளிவந்தது. மனைவியை இழந்த ஸ்டாண்டிஷ், பிரிசில்லாவை மணக்க விரும்பி, ஆல்டனைத் தூது விடுகிறார். ஆல்டனோ அவளைத் தாமே காதலிப்பவர். நட்பின் பொருட்டுத் தூது செல்கிறார். பிறர்க்காகப் பேசும் அவரை, உமக்காக நீர் பேசலாகாதோ என்னும் பொருள்பட அவள் வினவுகிறாள். தூது இலக்கியத்தில் ஊறிய தமிழ் உள்ளத்திற்கு இக்காட்சியின் சுவை சொல்லாமலே விளங்கும். லண்டனில் முதல் நாளிலேயே 10,000 பிரதிகள் விற்றன என்பர்.

இக்கதை லாங்ஃபெல்லோவின் கற்பனை மட்டுமன்று. ஆல்டன் மரபினரான திமோத்தி ஆல்டன் என்னும் சமயப் போதகர் 1814இலேயே இதனை அச்சில் தந்துள்ளார். குடும்பத்தில் வழங்கிய செவிவழிச் செய்தி அச்சேறி, பின் கவிதையாயிற்று. லாங்ஃபெல்லோவும் தாய்வழியில் அம்மரபினரே.

வரலாற்றுப் பதிவில் தூது ஒன்று உண்டு. ஆனால் அதன் திசை வேறு. 1634இல் கென்னபெக் ஆற்றங்கரையில் பிளைமவுத்தாரின் தோல் வணிக நிலையம் இருந்தது. அங்கே அத்துமீறி வந்த ஹாக்கிங் என்னும் வணிகருடன் பூசல் மூண்டு, இருதரப்பிலும் ஒவ்வொருவர் சுடப்பட்டு மாண்டனர். கொலையில் ஆல்டனுக்குத் தொடர்பில்லை. அந்நிலையத்தில் இருந்தார் என்பதே அவர்மீது விழுந்த பழி. பின்னர் அவர் பாஸ்டனுக்குச் சென்றபோது மாசசூசெட்ஸ் அதிகாரிகள் அவரைச் சிறைப்படுத்தினர். அவரை மீட்க மடல்களுடன் பாஸ்டனுக்கு விரைந்தவர் மைல்ஸ் ஸ்டாண்டிஷ். ஆக, கவிதையில் ஸ்டாண்டிஷுக்காக ஆல்டன் தூது போகிறார். வரலாற்றிலோ ஆல்டனுக்காக ஸ்டாண்டிஷ் தூது போகிறார். பிற்காலத்தில் ஸ்டாண்டிஷின் மகன் அலெக்சாண்டர், ஆல்டனின் மகள் சாராவை மணந்தார். இரு குடும்பங்களின் நட்பிற்கு இதுவே சான்று.

கவிதை செய்த மாற்றங்கள் மேலும் உள. கவிதையில் ஆல்டன் கல்வியில் தேர்ந்த இளைஞர், கடிதங்கள் எழுதுபவர். பீப்பாயும் இழைப்புளியும் மறைந்துவிட்டன. மணமகளை வெண்ணிறக் காளைமேல் ஏற்றி அவர் அழைத்துச் செல்வதாகக் கவிதை முடிகிறது. ஆனால் பிளைமவுத்திற்கு முதல் மாடுகள் வந்திறங்கியது 1624இல்தான். கவிதை காட்டும் காலத்தில் அங்கே காளை ஏது? இவற்றுள் காளையை மன்னிக்கலாம். அது அழகிற்காக வந்தது. தொழிலை மறைத்தது அவ்வாறன்று. உழைப்பாளியைக் காதலனாகப் பாடத் தயங்கிய ஒரு காலத்தின் மனநிலை அதில் வெளிப்படுகிறது. பிராட்ஃபோர்டின் கையெழுத்துப்படி லண்டனில் கண்டெடுக்கப்பெற்று 1856இல் முழுமையாக அச்சாகியிருந்தது. பீப்பாய்த் தச்சர் என்னும் சொல் அதில் தெளிவாகவே உள்ளது.

பாடப்பெறாத பக்கங்கள்

ஆல்டன் நெடுங்காலம் ஆளுநரின் உதவியாளராக, நீதி வழங்கும் அவையில் அமர்ந்தவர். 1650களின் இறுதியில் குவேக்கர் சமயத்தாரைத் தண்டிக்கும் சட்டங்களை அவ்வவை இயற்றியது. ஜேம்ஸ் குட்வொர்த் என்னும் சான்றோர் அக்கொடுமையை எதிர்த்துப் பதவி இழந்தார். பலர் கொண்டிருந்த நம்பிக்கையை ஆல்டன் பொய்யாக்கினார், நண்பர்தம் அன்பை இழந்தார் என அவர் 1658இல் வருந்தி எழுதினார். சமய ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்தோரின் ஊரில், பிறர் சமயம் ஒடுக்கப்பட்டபோது ஆல்டன் எதிர்த்து நிற்கவில்லை.

அதனினும் பெரிய இருள் பின்னர்ச் சூழ்ந்தது. 1621 மார்ச்சில் வாம்பனோவாக் தலைவர் மாசசாய்ட், குடியேறிகளோடு அமைதி உடன்பாடு செய்துகொண்டார். அவர் மகன் மெட்டகாம் காலத்தில், 1675இல், பெரும்போர் மூண்டது. நிலம் மேன்மேலும் கைமாறியதே அதன் அடிப்படைக் காரணம். 1676இல் மெட்டகாம் கொல்லப்பட்டார். அவர் தலை பிளைமவுத்தில் பல ஆண்டுகள் கம்பத்தில் செருகி வைக்கப்பட்டிருந்தது. சிறைப்பட்ட மக்கள் பலர் அடிமைகளாகக் கடல்கடந்து விற்கப்பட்டனர். அக்காலத்தும் ஆட்சியவையில் ஆல்டன் இருந்தார். முதல் உடன்பாட்டைக் கண்டறிந்த தலைமுறையினர் எழுபதைக் கடந்த வயதில் அதன் அழிவிற்கும் உடனிருந்தது அவர் வாழ்வின் துயரமான பகுதியாகும்.

1687 செப்டம்பரில் ஆல்டன் மறைந்தார். நிலங்களை மக்களுக்கு முன்னரே பகிர்ந்தளித்துவிட்டமையால், எஞ்சிய உடைமையின் மதிப்பு ஏறத்தாழ ஐம்பது பவுனே. அவர் மறைவின்போது இரங்கற்பாக்கள் அச்சிட்டு வழங்கப்பெற்றன. ஆகவே அவரைப் பாடிய முதற்கவிஞர் லாங்ஃபெல்லோ அல்லர்; கையறுநிலை பாடியோரே முந்தியவர்.

பிரிசில்லா இறந்த நாளோ பதிவாகவில்லை. அவர் பேசிய ஒரு சொல்லும் ஆவணங்களில் இல்லை. உலகறிந்த அவ்வினாவை அவர் வாயில் வைத்தது மரபுவழிக் கதையே.

வழிவழி வந்தோர்

மூத்த மகள் எலிசபெத் தொண்ணூறு வயதிற்கு மேல் வாழ்ந்து 1717இல் மறைந்தார். மகன் ஜான் மாலுமித் தலைவர். 1692இல் சேலம் நகரில் சூனிய வழக்குகள் வெடித்தபோது, அறுபதைக் கடந்த அவரும் குற்றஞ்சாட்டப்பட்டார். அவர் பார்வை பட்டதும் பெண்கள் வீழ்ந்தனர் என்றபோது, அப்பார்வை தங்களை ஏன் வீழ்த்தவில்லை என்று நீதிபதியையே கேட்டார். அவர் பல வாரம் சிறையிருந்து தப்பிச்சென்றார், 1693இல் விடுவிக்கப்பெற்றார். தமக்காகத் தாமே பேசிய ஆல்டன் ஒருவர் ஆவணங்களில் உண்டு. அவர் தந்தையல்லர், மகன்.

மகள் ரூத் வழியில் குடியரசுத் தலைவர்களான ஜான் ஆடம்சும் ஜான் குவின்சி ஆடம்சும் தோன்றினர். கவிஞர் வில்லியம் கல்லன் பிரையண்டும் இம்மரபினரே. டக்ஸ்பரியில் ஆல்டன் குடும்பத்தாரின் பழைய வீட்டை அவர் வழித்தோன்றல்கள் போற்றிக் காத்து வருகின்றனர்.

லாங்ஃபெல்லோ எழுதாதிருந்தால் ஆல்டனின் பெயரை வரலாற்றறிஞர் சிலரே அறிந்திருப்பர். அவ்வகையில் கவிதை அவருக்கு வாழ்வளித்தது. ஆனால் அது தந்த வாழ்வில் அவர்தம் கைத்தொழிலும் இல்லை. அவர் பிணை நின்ற கடனும் இல்லை. அவர் பேசாதிருந்த அவைகளும் இல்லை. முன்னோரின் பெருமையொடு அவர்தம் மௌனங்களையும் சேர்த்துப் பாடும்போதே அவர் முழுமையாக வந்து நிற்பார். திரும்பிச் செல்ல வழியிருந்தும், பாதிப் பேரைப் புதைத்த மண்ணில் தங்க முடிவுசெய்த அந்தத் தச்சர், அத்தகைய கவிதை ஒன்றிற்கு உரியவரே.