மறைந்து திருத்தும் விசைப்பலகை

2005ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் ஐபோனை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, சிறிய கண்ணாடித் திரையில் விரலால் பிழையின்றி எழுதுவது பெருஞ்சிக்கலாயிற்று. மென்பொருளாளர்கள் பிற பணிகளை நிறுத்திவிட்டு விசைப்பலகை ஒன்றையே ஆராயுமாறு பணிக்கப்பட்டனர். அவர்களுள் கென் கோசிண்டா அமைத்த வடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டு, பின்னர்ப் பலவாறு செப்பம் பெற்று, 2007இல் மக்கள் கைக்கு வந்தது.

அப்பலகையில் இருவகைத் திருத்தம் மறைந்திருந்தது. விசைகள் கண்ணுக்கு ஒரே அளவினவாகத் தோன்றும். ஆயினும் அடுத்து வரக்கூடிய எழுத்தின் தொடுபரப்பு கண்ணுக்குப் புலப்படாமல் விரியும். இது விரலின் தடுமாற்றத்தைத் தாங்கும் உதவி. மற்றொன்று சொல்லையே மாற்றுவது. பரிந்துரை சிறு குமிழாகத் தோன்றும். இடைவெளி விசையைத் தட்டினால் அது ஏற்கப்படும். குமிழைத் தொட்டால் ஏற்பு என்றே எவரும் எண்ணுவர். உண்மையில் அது மறுப்பு. யாரேனும் சொல்லித் தந்தாலன்றி அறிய இயலாத வழி இது.

தமிழ் விசைப்பலகையிலும் எழுதுவோருக்குத் துணைநிற்கும் திருத்தம் உண்டு. 1997இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழிணைய மாநாடுகளின் வரிசையில், 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டை ஒட்டி உருவானது தமிழ்99. அதில் ஒரே மெய்யை இருமுறை தட்டினாலும், மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தைத் தட்டினாலும், முதலெழுத்துக்குப் புள்ளி தானே அமையும். 'அம்மா', 'பந்து' ஆகிய சொற்களில் புள்ளியைத் தனியே இட வேண்டுவதில்லை. புள்ளி வேண்டாவிடில் இடையே அகரத்தைத் தட்டினால் போதும். விதியும் விலக்கும் மெய்ம்மயக்க இலக்கணத்தை ஒட்டியவை. ஆசிரியர் ஒரு வகுப்பில் கற்பித்துவிடலாம்.

அகராதியை நம்பும் திருத்தமோ அத்தகையதன்று. தான் அறியாத சொல்லை அது பிழையென்று கொள்ளும். வேற்றுமையும் சாரியையும் ஒட்டி ஒரு பெயரே பல வடிவங்கொள்ளும் தமிழில், அனைத்தையும் பட்டியலில் அடக்குதல் அரிது. எனவே சரியான சொல்லும் மாற்றப்படக்கூடும். மாற்றம் கண்ணில் படாவிடின், மாணவர் கருவியின் சொல்லையே சரியெனக் கற்றுவிடுவர்.

2023இல் வெளிவந்த ஐஓஎஸ் 17, திருத்திய சொல்லுக்குச் சிறிது நேரம் அடிக்கோடிட்டு, தொட்டால் மூலச்சொல்லை மீட்கும் வழியைத் தந்தது. மறைவாயிருந்தது வெளிப்பட 16 ஆண்டுகள் ஆயின. விரலின் பிழையைக் கருவி மறைவாகத் தாங்கலாம்; எழுதுபவரின் சொல்லை மாற்றும்போது மட்டும் அவர் அறியவே மாற்றுதல் வேண்டும்.